சேனாதிபதியின் மீசை

எங்கள் கோயிலில் புராணம் படிக்கும் நாட்களில் யாராவது ஒருவர் என் பக்கம் புத்தகத்தைத் தள்ளிவிடுவார். "நீர் ஒரு பாட்டாவது வாசியும் காணும். நெடுகப் புத்தகமும் கையுமாய்த் திரியிற ஆள்தானே" என்பார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டுவேன். என் தொண்டை முப்பது வருடங்களுக்கு மேலாகச் சரியில்லை. இவ்வளவு நீண்ட தொண்டைநோவை எந்த வைத்தியரும் கண்டிருக்கமாட்டார். ஆனாலும் யாரும் அதைத் துருவிக் கேட்பதில்லை. கூச்சப்படுகிற மனிதன் என்று விட்டுவிடுவார்கள். அதுவும் உண்மைதான் என்பதால் எனக்கு வசதியாகப் போய்விட்டது.

வாசிக்கிற ஆள் என்பதும் உண்மைதான். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மானிப்பாயில் ஓர் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறேன். வேலை முடிந்து வரும் வழியில் நூல்நிலையத்தில் சைக்கிளை நிறுத்துவேன். எனக்கு வேண்டியது ராசா காலத்துக் கதைகள் மட்டும். பேரரசர்கள், அரண்மனைகள், சுரங்க வழிகள், மாறுவேடம், முத்திரை மோதிரம். அங்கே இருக்கிற பிள்ளை, "அங்கிள், இது நீங்கள் ரெண்டு தரம் கொண்டுபோனது" என்று சொல்லிச் சிரிக்கும். நான் மூன்றாம் தரமும் கொண்டுபோவேன். என் மனைவிக்கு அந்த ராசாக்களைக் கண்ணில் காட்டக்கூடாது. "அவையளுக்கென்ன, உலை வைக்கிற வேலை இல்லை, தண்ணி அள்ளுற வேலை இல்லை. அதுதான் இருந்து சதி செய்யினம்" என்பாள்.

நான் ஒரு புத்தகத்தைத் தேடுகிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. அதன் பெயரும் எனக்குத் தெரியாது. அதை எழுதியவர் யார் என்றும் தெரியாது. அதில் ஒரு மோதிரம் காணாமற் போகும்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் பள்ளிக்கூடத்தில் சண்டையால் இடம்பெயர்ந்து வந்த சனங்கள் இருந்தார்கள். எங்கள் வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள் சமைத்தன. பிள்ளைகளைக் கூப்பிடும்போது வரலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா இணுவிலில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தார். கிடுகு வேய்ந்த நீளமான கொட்டில். பத்துப் பன்னிரண்டு பேர் சாக்கு விரித்து, மடியில் பலகை வைத்து, காலையில் இருந்து மாலை வரை சுருட்டுச் சுற்றுவார்கள். கைக்கு ஓயாத வேலை. வாய்க்கும் காதுக்கும் வேலையே இல்லை. அதனால் எங்கள் ஊர்க் கொட்டில்களில் பழைய காலத்தில் இருந்தே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் நடுவில் இருந்து உரத்து வாசிப்பார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். முதலில் பேப்பர். பிறகு கதை.

அந்தக் கொட்டிலில் நெடுநாள் வாசித்த முதியவர் உடுப்பிட்டியில் இருந்த மகளோடு இருக்கப் போய்விட்டார். இரண்டு கிழமை கொட்டில் ஊமையாகக் கிடந்தது என்று அப்பா வீட்டில் சொன்னார். மூன்றாம் கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கொட்டிலில் அப்பா வாயைத் திறப்பது அருமை. அன்று எல்லோருக்கும் முன்னால் நின்று, நிலத்தைப் பார்த்தபடி, "என்ரை பொடியன் வாசிப்பான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்த இடத்தை வாங்கித் தந்தவர் அவர்தான். இதை நான் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

நானும் அப்பாவைப் போலக் கூச்சக்காரன்தான். யாராவது பெயரைக் கேட்டால் காலால் மண்ணைக் கீறுவேன். ஆனால் கையில் எழுத்து இருந்தால் எனக்குக் குரல் வந்துவிடும். அது என்னுடைய குரல் இல்லை என்கிற தைரியமாக இருக்கலாம். அச்சடிக்கத் தாள் கிடைக்காததால் பேப்பர் அந்த நாட்களில் கோடு போட்ட கொப்பித்தாளில் வந்தது. அதில் எங்கே குண்டு விழுந்தது, யார் செத்தார்கள் என்று இருக்கும். கொட்டில் பேசாமல் கேட்கும். பிறகு யாராவது, "காணும் மோனை, அரண்மனைக்குப் போவம்" என்பார்கள். நான் பிஸ்கற் தகரப் பேணியைத் திறந்து புத்தகத்தை எடுப்பேன். வானத்தில் ஹெலி சத்தம் கேட்டால் எல்லோரும் கையை நிறுத்திக் கூரையைப் பார்ப்பார்கள். சத்தம் தேய்ந்ததும், "சரி, வாசி" என்பார்கள். பேப்பரில் வந்த சண்டைக்கு முடிவு இல்லை. புத்தகத்தில் வந்த சண்டைக்குக் கடைசிப் பக்கம் ஒன்று இருந்தது. அவர்கள் அதற்காகத்தான் அந்த ராசாக்களை விரும்பினார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

புத்தகம் முதலாளி வீட்டுப் பெட்டியில் இருந்து வந்தது. பழைய கிழமைச் சஞ்சிகைகளில் வந்த தொடர்கதையை யாரோ வெட்டி எடுத்து நூலால் தைத்திருந்தார்கள். முன் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. ஆறாம் அத்தியாயத்தில் இருந்துதான் கதை தொடங்கும். முதலாளியின் மனைவி ஒரு கட்டளை போட்டிருந்தார். புகையிலை பட்ட கையால் யாரும் புத்தகத்தைத் தொடக்கூடாது. சுருட்டுச் சுற்றுகிறவர்களின் விரல்கள் மண்ணிறமாக இருக்கும். தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எனவே அந்தக் கொட்டிலில் புத்தகத்தைத் தொடும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. ஒரு பேரரசருக்கு அதைவிடப் பெரிய உரிமை இருந்திருக்குமா என்று தெரியவில்லை. சுற்றும் கைகளுக்கு நடுவில் வெறுங்கையோடு நான் ஒருவன்தான் இருந்தேன். பத்து மணிக்குத் தேத்தண்ணியும் ஒரு பணிசும் எனக்கு வரும்.

கதை இப்படிப் போனது. ஏழு வாசல் கொண்ட தலைநகரம். கிழட்டுப் பேரரசர். அவருடைய முத்திரை மோதிரம் பள்ளியறையில் இருந்து காணாமற் போய்விடுகிறது. அந்த முத்திரை குத்திய ஓலை ஒன்று எதிரியின் பாசறையில் அகப்படுகிறது. அன்று பள்ளியறை வாசலில் நின்றவன் ஒரு காவலன். அவனைச் சங்கிலி போட்டு அரசவைக்குக் கொண்டுவருகிறார்கள். மந்திரி கேட்கிறார், சேனாதிபதி கேட்கிறார், பேரரசரே இறங்கி வந்து கேட்கிறார். காவலன் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் இல்லை, நாலு அத்தியாயம் அவன் பேசாமல் நின்றான்.

அவன் கள்ளனா இல்லையா என்று கொட்டில் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தது என்றும் சொல்லமுடியாது. ஒரு பக்கம் எல்லோரும், மறுபக்கம் அப்பா.

எல்லோருக்கும் தலைவர் ஒருவர் இருந்தார். முப்பது வயது இருக்கும். கொட்டிலில் வேகமாகச் சுற்றுகிறவர் அவர். கன்னம் வரை முறுக்கிய மீசை. எங்கள் கதை தொடங்கின நாளில் இருந்து அவருக்குச் சேனாதிபதி என்று பெயர். அவர் உண்மைப் பெயரைக் கொட்டில் மறந்துவிட்டது. நானும் மறந்துவிட்டேன். அவர் என்னை "ஆஸ்தானப் புலவரே" என்று கூப்பிடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்போது சில நாட்கள் என்னைத் தன் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போவார். அவருடைய மீசை முனை என் தலைமயிரில் படும். பின்னால் அப்பா தன் பழைய சைக்கிளை உழக்கிக்கொண்டு வருவார். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

அப்பாவின் இடம் கொட்டிலில் யன்னலோரம். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல், நெஞ்சில் இழுப்பும் இருந்தது. வெளிச்சமும் காற்றும் வரும் என்று பழைய ஆட்கள் அந்த இடத்தை அவருக்கு விட்டிருந்தார்கள். அங்கே இருந்துதான் ஒரு நாள், காவலனுக்குச் சவுக்கடி விழுந்த அத்தியாயம் முடிந்ததும், அப்பா தோள் துவாயால் கண்ணைத் துடைத்தார்.

சேனாதிபதி அதைக் கண்டுவிட்டார்.

"ஐயோ, இஞ்சை பாருங்கோ! அண்ணை அழுறார்!"

"புகையிலை நெடியடா" என்றார் அப்பா.

"நெடி நேற்றும் இருந்தது. நேற்று அழேல்லையே? ஏனண்ணை, அந்தக் கள்ளன் உங்களுக்குச் சொந்தமோ?"

கொட்டில் முழுவதும் சிரித்தது. நான் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஒரு பெரிய மனிதர், கடதாசியில் இருக்கிற ஒரு காவலனுக்காக அழுகிறார். அவர் என் அப்பா. எனக்கு நிலம் பிளந்தால் போய்விடலாம் போல இருந்தது. பேசாமல் விட்டால் போதும் என்று நினைத்தேன். ஆனால் அப்பா அன்று பேசினார்.

"அவன் கள்ளன் இல்லை."

"எப்பிடிச் சொல்லுறியள்?"

"கள்ளன் எண்டால் இவ்வளவுக்கு நாலு பொய்யாவது சொல்லியிருப்பான். இவன் வாயே திறக்கிறானில்லை. இவன் ஆரையோ காப்பாத்துறான்."

"அடி விழேக்கையும் வாய் திறக்காமல் காப்பாத்த அவனுக்கென்ன விசரோ?"

"விசரில்லை" என்றார் அப்பா. கையில் இருந்த சுருட்டைப் பலகையில் உருட்டிக்கொண்டே இருந்தார். உருட்டத் தேவை இல்லாத அளவுக்கு உருட்டினார்.

சேனாதிபதிக்குப் பகிடி முற்றிவிட்டது. எழுந்து நின்றார். "சரியண்ணை, பந்தயம். காவலன் கள்ளன் இல்லையெண்டால் நான் என்ரை மீசையை இதிலை, இந்தச் சபையிலை வழிச்சுப்போடுறன். கள்ளன் எண்டால் உங்கடை யன்னல் எனக்கு. நீங்கள் என்ரை மூலைக்குப் போகவேணும்."

அவருடைய மூலை இலை குவிக்கிற பக்கம். காற்று வராது. நெடி அங்கேதான் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். அப்பாவின் நெஞ்சுக்கு அது ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒருவர், "விடு தம்பி, பகிடிக்கு ஒரு அளவிருக்கு" என்றார். அப்பா மறுத்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் வாழ்க்கையில் எதற்கும் பந்தயம் கட்டியவர் இல்லை. ஆனால் அவர் யன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஓம்" என்றார்.

அந்தக் காவலன் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த அத்தியாயத்தில் அரசவை கூடியது. அன்று கொட்டிலில் யாரும் வெற்றிலை போடக்கூட எழவில்லை. நான் வாசித்தேன். தூண்கள், தோரணங்கள், வெண்சாமரம் வீசுகிற பெண்கள் என்று ஒரு பக்கம் போயிற்று. சேனாதிபதி, "சாமரத்தை விட்டுட்டு விசயத்துக்கு வாரும் புலவரே" என்றார். காவலனைக் கழுமரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிப் பேரரசர் கையை உயர்த்துகிறார். அப்போது சிங்காசனத்தின் பின்னால் இருந்து ஒரு சின்னக் குரல் கேட்கிறது.

நான் வாசிக்கும்போது கண் வாயைவிடச் சில வரிகள் முன்னால் போகும். அந்தச் சின்னக் குரலுக்குப் பிறகு என்ன வருகிறது என்பதை நான் கண்டுவிட்டேன். 'மோதிரத்தை எடுத்தது நான்தான் தந்தையே' என்று சொல்லிக்கொண்டு வெளியே வருகிறான் இளவரசன். அவனுக்கும் பத்து வயது. விளையாட எடுத்த மோதிரத்தை எங்கோ தொலைக்க, அது எதிரியின் ஒற்றன் கைக்குப் போய்விட்டது. அவன் எடுத்ததைக் காவலன் கண்டிருந்தான். பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் நின்றான்.

அப்பா சொன்னது சரி.

நான் தலையை நிமிர்த்தினேன். எல்லாக் கைகளும் நின்றிருந்தன. கைகள் எல்லாம் ஒன்றாக நின்றதை நான் அந்தக் கொட்டிலில் ஹெலி வந்தபோது மட்டும்தான் கண்டிருக்கிறேன். யன்னலோரத்தில் அப்பா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டு ஓரத்தில் வெற்றிலைச் சாறு. அவருக்கு எதிரே சேனாதிபதி மீசையைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. யாரும் எதுவும் தருவதாகச் சொல்லவும் இல்லை. அந்த மீசை இல்லாத முகத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான். சைக்கிள் பாரில் இருக்கும்போது என் தலையில் படுகிற அந்த முனை இல்லாமல் போய்விடும் என்று மட்டும் நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. கண்ணீர் விட்ட அப்பா சரியாக இருப்பதை நான் விரும்பவில்லை. இதை எழுத எனக்கு இவ்வளவு வயது தேவைப்பட்டது.

"சிங்காசனத்தின் பின்னால் இருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது" என்று வாசித்தேன். பிறகு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, புத்தகத்தில் இல்லாததை வாசித்தேன். "அது காவலனின் குரல். நடுநடுங்கிச் சின்னதாகிவிட்டது. மன்னா, மோதிரத்தை எடுத்து எதிரிக்கு விற்றவன் நான்தான், என்னை மன்னித்துவிடுங்கள் என்று கதறினான்."

கொட்டில் கூரை எழும்பும் அளவுக்குச் சத்தம். "சொன்னனான்! சொன்னனான்!" என்று சேனாதிபதி குதித்தார். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கொட்டிலை ஒரு சுற்றுச் சுற்றினார். மேலே இருந்து பார்த்தபோது அப்பா தன் சாக்கைச் சுருட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. பலகையையும் கத்தியையும் எடுத்தார். மூலைக்கு நடந்தார். முதியவர் ஒருவர், "பொறு, இவன் பகிடிக்குச் சொன்னவன். நீ உன்ரை இடத்திலை இரு" என்று கையைப் பிடித்தார். சேனாதிபதியும், "ஓமண்ணை, விடுங்கோ. நாளைக்குப் பாப்பம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அப்பாதான் கேட்கவில்லை. "சொல்லுச் சொல்லுத்தானே" என்றார்.

அன்றிலிருந்து அப்பாவின் இருமல் மூலையில் இருந்து கேட்டது. வாசிக்கும்போது எனக்கு அந்தப் பக்கம் முதுகு. ஆனால் இருமலுக்கு முதுகு தெரிவதில்லை. இருட்டில் அவருடைய சுருட்டுகள் பிசகின. கணக்கப்பிள்ளை சிலவற்றைத் திரும்ப அவர் மடியில் போட்டார். சேனாதிபதியின் பகிடிகளுக்குக் கொட்டில் முன்போலச் சிரிக்கவில்லை. அவர் யன்னலோரத்தில் சங்கடப்பட்டுக்கொண்டு இருந்தார். மீசை மட்டும் பத்திரமாக இருந்தது.

என் சங்கடம் வேறு. பொய் சொன்னவனை அந்தப் பொய் வேலைக்கு வைத்துக்கொள்ளும் என்று எனக்கு அதற்கு முன்னர் தெரியாது. நான் காவலனைக் கழுவில் ஏற்றிவிட்டேன். ஆனால் புத்தகத்தில் அவன் சாகவில்லை. பேரரசர் அவனை விடுதலை செய்கிறார். அவன் மானம் தாங்காமல் நாட்டைவிட்டுப் போகிறான். இரண்டு அத்தியாயம் தள்ளி எதிரியின் ஊரில் நிற்கிறான். ஆற்றைக் கடக்கிறான். இளவரசனைக் கடத்திப் போகிறவர்களைத் துரத்துகிறான். பக்கத்துக்குப் பக்கம் காவலன், காவலன், காவலன். வாசிக்கும்போது மாற்றினால் தடுமாறிவிடுவேன் என்று பயந்து, புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்கூட்டியே வாசிக்கத் தொடங்கினேன். காவலன் வரும் இடமெல்லாம் வழிப்போக்கன் என்று மாற்றினேன். ஊர் பேர் தெரியாத ஒரு வழிப்போக்கன். அவனுக்கு ஏன் அந்த இளவரசன் மேல் அவ்வளவு பற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. கொட்டில் அதைக் கேட்கவும் இல்லை. எல்லோருக்கும் அவனைப் பிடித்துவிட்டது. "காவலன் எண்டு ஒரு நாய் இருந்தானே, அவன் இந்த வழிப்போக்கனின்ரை கால் தூசிக்குக் காணுமோ?" என்றார் ஒருவர். மூலையில் இருமல் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டில் பூட்டு. மத்தியானம் அப்பா என்னை மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கச் சொல்லிச் சங்கக்கடைக்கு அனுப்பினார். அம்மா அடுப்படியில் இருந்தா. வரிசை நீளம். போத்தலோடு திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அப்பா கிணற்றடியில் குந்தியிருந்து தேசிக்காய்ப் பாதியால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "கிடைச்சதோ?" என்றார். "அரைப் போத்தல்தான்" என்றேன். "அது காணும்" என்றார்.

அடுத்த நாளுக்கான பொய்யைத் தயார் செய்வதற்காகப் புத்தகத்தை எடுத்தேன். நான் வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் நான் வைத்த பக்கத்தில் திறக்கவில்லை. அது அரசவைக் காட்சியில் திறந்தது. தூண்கள், தோரணங்கள், வெண்சாமரம். அந்தப் பக்கத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பெருவிரல் இறங்கி வந்திருந்தது. வரிக்கு ஒரு தடம். மண்ணிறம். சில வரிகளில் இரண்டு தடம், அங்கே எழுத்துக் கூட்டத் தடுமாறியிருக்க வேண்டும். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். பஸ்ஸின் பெயர்ப்பலகையைக் கூட, பஸ் போன பிறகுதான் வாசித்து முடிப்பார். அந்த விரல் தூண்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டி, சாமரம் வீசும் பெண்களைத் தாண்டி, பேரரசர் உயர்த்திய கையைத் தாண்டி வந்து, ஒரு வரியில் நின்றிருந்தது. 'மோதிரத்தை எடுத்தது நான்தான் தந்தையே.' அதற்குக் கீழே இன்னும் ஏழெட்டு வரிகள் இருந்தன. அவற்றில் தடம் இல்லை.

முதலில் றப்பரால் அழிக்கப் பார்த்தேன். தடம் பரவிற்றே தவிரப் போகவில்லை. பிறகு அடி விழும் என்று காத்திருந்தேன். அப்பா சாப்பிட்டார். அம்மாவோடு வேலி அடைப்பது பற்றிக் கதைத்தார். இருமினார். பாயை உதறிப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்து, மனம் இலேசாகியது. அப்பா அந்தப் பக்கத்தை முடிக்கவில்லை. பாதியில் களைத்து விட்டுவிட்டார். எழுத்துக் கூட்டுகிற மனிதருக்குக் கதை எங்கே விளங்கப் போகிறது? தேடி வந்த வரி கிடைத்ததும் விரல் நின்றுவிட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கையில் நிறைய நடந்தது. நாங்களும் இடம்பெயர்ந்தோம். கொட்டில் போயிற்று, புத்தகம் போயிற்று. சேனாதிபதி எந்த நாட்டில் இருக்கிறாரோ, மீசை இருக்கிறதோ தெரியாது. பள்ளிக்கூடம் எல்லோரையும் கூப்பிட்டபோது நான் போகவில்லை. அப்பா பிறகும் பல வருடங்கள் இருந்தார். என் கலியாணத்தைக் கண்டார், பேரப்பிள்ளைகளைக் கண்டார். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் பதினொரு நாட்கள் இருந்தேன். சொல்வதற்கு நேரம் கிடைக்கவில்லை என்று என்னால் சொல்லமுடியாது. ஒருநாள் அவரே, "இப்பவும் உந்த ராசா கதையள் வாசிக்கிறியோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "நல்லது" என்றார். நான் போர்வையைச் சரிசெய்தேன்.

ஆனால் நான் நினைத்து நினைத்துக் கூசுவது அதற்கும் இல்லை. அந்த ஞாயிறுக்கு அடுத்த நாள், திங்கட்கிழமைப் பின்னேரத்துக்கு.

அன்று வழிப்போக்கன் ஆற்று வெள்ளத்தில் குதித்து இளவரசனின் தலைமயிரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தான். கொட்டில் கை தட்டியது. வேலை முடிந்ததும் சேனாதிபதி தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, "வாறீரோ புலவரே?" என்றார். அன்று ஏனோ நான் அப்பாவோடு போகிறேன் என்றேன். அப்பாவின் சைக்கிளுக்குக் காற்று இல்லை. தள்ளிக்கொண்டு நடந்தார். தோட்டங்களில் புகையிலைக் கன்றுகளுக்கு யாரோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் இருந்து வந்த நாட்களில் அவருக்குச் சந்தியைத் தாண்டிய பிறகுதான் மூச்சு அடங்கும். அதுவரை ஒன்றும் பேசமாட்டார். சந்தியைத் தாண்டினோம்.

"உந்த வழிப்போக்கன்" என்றார்.

நான் காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நடந்தேன்.

"நல்ல மனிசன், என்ன?"

"ஓம்" என்றேன்.

கொஞ்சத் தூரம் நடந்தார். ஒருமுறை நின்று இருமினார். பிறகு என்னைப் பார்க்காமல், சைக்கிளின் முன்சில்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவனையும் சாகடிச்சுப்போடாதை மோனை."

"இல்லை அப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். கதையில் ஒருவன் சாவதும் பிழைப்பதும் வாசிக்கிற சின்னப் பொடியனின் கையில்தான் இருக்கிறது என்று நம்புகிற அளவுக்கு அப்பா ஒன்றும் தெரியாதவராக இருக்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்பதால், வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தேன்.